கார் இருக்கையில் கறை: கெடுத்தது சாம்பாரா, சோப்பா?

7 ஆண்டுகள் ஓட்டிய காரைச் சென்ற ஆண்டு விற்க முனைந்தேன். 84 தவணைகளும் முடிந்திருந்தன. வங்கி தந்த தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யில் இருந்த ஹைப்பாதிகேஷன் குறிப்பையும் நீக்கியாயிற்று. எஞ்சினில் குறையில்லை, டயர்கள் புதியவை. ஆனால் விலை பேச வந்த வியாபாரி பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்கதவைத் திறந்தார். மேட்டைத் தூக்கினார். கார்பெட்டின் ஓரத்தை விரலால் நெம்பி, குனிந்து முகர்ந்து பார்த்தார். முன்னிருக்கையின் அடியிலிருந்த போல்ட்டைத் தடவி, விரலில் ஒட்டிய துருவை என்னிடம் காட்டினார். வண்டி எந்த வெள்ளத்தில் சிக்கியது என்று கேட்டார்.

அந்த வண்டி வெள்ளத்தைக் கண்டதே இல்லை. அது கண்டது சாம்பாரை.

நாங்கள் அப்போது புனேயில் இருந்தோம். ஒரு ஜூலை மாதம் குடும்பத்தோடு மகாபலேஷ்வர் புறப்பட்டபோது, வாய் ஊரைத் தாண்டிய மலைவளைவொன்றில் தூக்குப்பாத்திரம் சாய்ந்தது. பின்னிருக்கையின் ஓரத்திலும் கால் வைக்கும் இடத்திலுமாக அரைப் பாத்திரம் சாம்பார் கொட்டிவிட்டது. விடுதியில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், துணி சோப்புக் கட்டியையும் பிரஷ்ஷையும் வாங்கிவந்து தேய்த்ததுதான். மஞ்சளாக இருந்த இடம் கண்ணெதிரே இரத்தச் சிவப்பாக மாறியது. பயந்துபோய் இன்னும் தேய்த்தேன். ஊர் திரும்பியதும் ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். அவர்கள் குழாயை வண்டிக்குள்ளேயே நீட்டி அலசிக் கொடுத்தார்கள். மழைக்காலமாதலால் கார்பெட்டின் மேற்புறம் ஒரு வாரத்தில் காய்ந்தது. உட்புறம் எத்தனை மாதம் ஈரமாக இருந்ததோ, நான் பார்க்கவில்லை.

வியாபாரி 35,000 ரூபாய் குறைத்தார். அவர் குறைத்தது கறைக்காக அன்று, ஐயத்துக்காக. ஈர வாடையும் அடியில் துருவும் உள்ள வண்டியை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றே சந்தை கருதும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இத்தனைக்கும் சாம்பார் செய்த தீங்கு அதில் கால் பங்குகூட இராது. மீதி அனைத்தும் நான் பார்த்த வைத்தியத்தால் வந்தது.

மஞ்சள் ஏன் சிவந்தது?

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள் குர்குமின். அது நீரில் கரையாது, எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மஞ்சள் போகாது. கரைந்திருக்கும் எண்ணெயோடு சேர்ந்து இன்னும் அகலமாகப் பரவும். காரத்தன்மை பட்டால் குர்குமின் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் ஆரத்திக்கு நீர் கரைப்பதும் இதே வேதியியல்தான். துணி சோப்புக் கட்டியும் சலவைத்தூளும் காரத்தன்மை உடையவை. சோப்பைத் தேய்த்த நான், பின்னிருக்கையில் ஆரத்தி கரைத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சிவப்பு நிலையானதன்று. வெள்ளை வினிகரை இரண்டு பங்கு நீரில் கலந்து ஒற்றினால் மீண்டும் மஞ்சளாகும். இதைப் பின்னாளில், கார் இருக்கை உறைகள் தைக்கும் ஒரு முதியவர் செய்துகாட்டினார். அவர் மேலும் கவனிக்கச் சொன்னது வெயிலை. மஞ்சள் பட்ட வெள்ளை வேட்டி நாலு நாள் வெயிலில் உலர்ந்தால் வெளுத்துவிடுவதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்போம். குர்குமினை ஒளி சிதைக்கிறது. கழற்றக்கூடிய உறையானால் வெயிலில் போடலாம். கழற்ற முடியாத இருக்கையானால் கதவைத் திறந்து, வெயில் நேரே படும்படி வண்டியை நிறுத்தலாம். அவசரப்பட்டுத் தேய்ப்பதைவிட ஒரு வாரம் பொறுத்திருப்பது பல நேரங்களில் நல்ல பலனைத் தரும்.

கார்பெட்டுக்குக் கீழே

வண்டிக்குள் நாம் காண்பது மேல் அடுக்கை மட்டுமே. தரையோடு பொருத்தப்பட்டிருக்கும் கார்பெட், சிறிய வண்டிகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் இழையை ஊசியால் அடித்துப் படியவைத்த விரிப்பாக இருக்கும். விலை கூடிய வண்டிகளில் நைலான் இழை வைத்துத் தைத்ததாக இருக்கும். அதன் அடியில் ஒலியைத் தடுக்கும் தடித்த பஞ்சு அடுக்கோ ஃபோம் அடுக்கோ உண்டு. அதற்கும் கீழேதான் தகரத் தளம். இருக்கையிலும் இப்படியே: மேலே துணி அல்லது ரெக்சின், கீழே பல அங்குல ஃபோம்.

மேலே ஊற்றும் ஒரு குவளை நீரை அடியிலிருக்கும் பஞ்சு முழுவதுமாகக் குடித்துவிடும். மேற்புறம் காற்றுப் பட்டு உலரும்போது, அடியில் கரைந்து கிடக்கும் கறை ஈரத்தோடு சேர்ந்து இழை வழியே மேலேறி, நீர் ஆவியானதும் நுனியில் தங்கிவிடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போன்றதே இது. சுத்தம் செய்த இடத்தில் மூன்றாம் நாள் அதே கறை மீண்டும் தோன்றுவதன் காரணம் இதுதான்; யாரும் மறுபடி சிந்தவில்லை. ஆகவே கார்பெட்டைச் சுத்தம் செய்யும்போது எவ்வளவு குறைவாக நீர் விடுகிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. முன்னிருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பைக்கும் சீட் பெல்ட்டுக்கும் செல்லும் மின் இணைப்புகள் உள்ளன. மஞ்சள் நிற உறையில் அவற்றைப் பார்க்கலாம். கார்பெட்டின் கீழே வேறு கம்பிக் கட்டுகளும் ஓடுகின்றன. குழாயை வண்டிக்குள் நீட்டும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

இழையின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். பாலியஸ்டர் நீரை எளிதில் ஏற்காது, ஆனால் எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை படிந்து கறுப்பதற்கு இதுவே காரணம். நைலானோ உணவிலும் குளிர்பானத்திலும் சேர்க்கும் செயற்கைச் சாயங்களுக்கு எளிதில் இடங்கொடுக்கும். ரெக்சினில் குழம்பு சிந்தினால் துடைத்துவிடலாம். ஆனால் புதிய ஜீன்ஸ் துணியின் நீலச் சாயம் அதற்குள் மெல்ல ஊறிவிட்டால் மீட்பது மிகக் கடினம். வெளிர் மஞ்சள் நிற உள்ளமைப்பு காட்சிக்கூடத்தில் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிந்தியவுடன்

வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். கெட்டியான பொருளை ஒரு கரண்டியாலோ பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். அட்டையைக் குப்பையில் போடுமுன் நறுக்கிவிடுவது நல்லது என்பதையும், இது வங்கி இதழாதலால், இடையே சொல்லி வைக்கிறேன். பிறகு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். நிறத் துணி வேண்டாம். அதன் சாயம் இறங்கி இரண்டாவது கறையாகும். நைந்த பருத்தி வேட்டியைப் போல ஈரம் உறிஞ்சும் துணி வேறில்லை. தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கும், இழையும் பிசிறும். அழுத்தி, எடுத்து, துணியின் வேறொரு பக்கத்தை வைத்து மீண்டும் அழுத்துங்கள். ஈரம் ஏறாத நிலை வரும்வரை செய்யுங்கள். பாதிப் போர் அங்கேயே முடிந்துவிடும்.

அதன்பின்தான் சுத்திகரிக்கும் நீர். பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில துளிகளை ஒரு குவளை நீரில் கலந்தால் போதும். பெரும்பாலான இத்தகைய திரவங்கள் துணி சோப்பைப் போல் காரமானவை அல்ல, எண்ணெயையும் பிரிக்கும். துணியை நனைத்துப் பிழிந்து ஒற்ற வேண்டும், இருக்கையின் மேல் ஊற்றக் கூடாது. எதைப் பயன்படுத்தினாலும் முதலில் இருக்கைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள்.

முடிவில் வெற்று நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும். தங்கிவிட்ட சோப்பு பிசுபிசுப்பாக இருந்து தூசியை இழுக்கும். மிகுந்த நுரை விட்டுச் சுத்தம் செய்த இருக்கை ஒரே மாதத்தில் முன்னைவிட அழுக்காவதைக் கண்டு நாம் கடைக்காரரைக் கோபிக்கிறோம். அவர் நுரையில் தாராளமாக இருந்தார், அலசுவதில் சிக்கனமாக இருந்தார், அவ்வளவே. கடைசியாக, மடித்த உலர்ந்த துண்டை அந்த இடத்தில் வைத்து, மேலே கனமான பொருள் ஏதேனும் வைத்து ஓர் இரவு விடுங்கள். மேலேறும் ஈரமும் கறையும் இழை நுனியில் தங்காமல் துண்டுக்குள் செல்லும். ஹேர் டிரையரைப் பயன்படுத்தினால் குளிர்ந்த காற்று மட்டுமே.

கறைக்குக் கறை மருந்து வேறு

பால், வாந்தி, இரத்தம், முட்டை ஆகியவை புரதம் உடையவை. வெந்நீர் பட்டால் புரதம் திரைந்து இழையோடு இறுகிவிடும். ஆகவே குளிர்ந்த நீர்தான். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறக்கூடும். பிறகு பார்க்கலாம் என்று விட்ட பால் அங்கே தானே வெந்துவிடும். குழந்தையின் பால் புட்டி கவிழ்ந்தால் நிறம் தெரியாததால் நாம் அசட்டையாக இருப்போம். ஆனால் எல்லாக் கறையிலும் கொடியது அதுவே. ஃபோமுக்குள் இறங்கிய பால் புளித்து எழுப்பும் வாடை எந்த நறுமணப் புட்டிக்கும் அடங்காது. நொதி சேர்ந்த சுத்திகரிப்பான் இதற்கென்றே கடைகளில் கிடைக்கிறது. மலைப்பாதைப் பயணத்தில் ஒரு சிறிய புட்டியும் சில தடித்த நெகிழிப் பைகளும் உடன் இருக்கட்டும்.

நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின்மீது உடனே சோளமாவையோ முகத்துக்குப் பூசும் பவுடரையோ தூவி அரைமணி நேரம் விட்டு, வேக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பிறகுதான் பாத்திரத் திரவம். தேநீர், காப்பிக் கறைக்கு நீர்த்த வினிகர் உதவும். பால் கலந்ததானால் முதலில் குளிர்ந்த நீரால் ஒற்றுங்கள். பேனா மைக்கும், எண்ணெய் நீங்கியபின் எஞ்சிய மஞ்சளுக்கும், மருந்துக் கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். உண்மைத் தோலில் இது கூடாது, பூச்சு போய்விடும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது. கதவுகளைத் திறந்து வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். தார், கிரீஸ் கறைக்குச் சிலர் பெட்ரோலைத் தொட்டுத் துடைப்பதைக் கண்டிருக்கிறேன். மூடிய வண்டிக்குள் பெட்ரோல் ஆவியை நிரப்பிக்கொள்வதைவிடக் கறையோடு வாழ்வது மேல். ப்ளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள்; நச்சு வாயு எழும்.

சூயிங்கம் ஒட்டினால் பனிக்கட்டியை நெகிழிப் பையில் இட்டு அதன்மேல் வைத்து, இறுகியதும் பெயர்த்தெடுங்கள்.

சேறு மட்டும் விதிவிலக்கு. ஈரமாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. கொங்கணத்துச் செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. நீரில் கரைவதில்லை, ப்ளீச்சிங் செய்தாலும் போகாது. தக்காணத்துக் கரிசலோ நனைந்தால் களியாகி இழையெங்கும் அப்பிக்கொள்ளும். முற்றிலும் காயவிட்டு, தட்டி உதிர்த்து, உறிஞ்சி எடுத்தபின் எஞ்சியதை மட்டும் துணியால் ஒற்றுங்கள்.

வராமல் காப்பது

புதுக்கார் வாங்குவோரில் பலர் இருக்கையில் ஒட்டி வந்த நெகிழித்தாளை மாதக்கணக்கில் கழற்றுவதில்லை. புதிது என்று தெரியவேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் அந்தத் தாள் தொழிற்சாலையிலிருந்து காட்சிக்கூடம் வரும்வரைக்கும் மட்டுமே உரியது. வியர்வையும் ஈரமும் அதன் அடியில் சிக்கி, நம் தட்பவெப்பத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்பை விரிவதையும் அது தடுக்கக்கூடும். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே கழற்றிவிடுங்கள்.

இருக்கை உறை வாங்கும்போதும் காற்றுப்பையைப் பற்றிக் கேட்டாக வேண்டும். பல வண்டிகளில் பக்கவாட்டுக் காற்றுப்பை முன்னிருக்கையின் தோளோரத்திலேயே பொதிந்திருக்கிறது. அங்கே சிறு முத்திரை இருக்கும். இடைவெளி விடாமல் இறுக்கித் தைத்த உறை அதை மூடிவிட்டால், விபத்தின்போது அது உரிய நொடியில் வெளிவராமல் போகலாம். உங்கள் வண்டி வகைக்கென அந்த இடம் திறந்தோ, எளிதில் பிரியும் தையலிட்டோ உள்ள உறையையே வாங்குங்கள்.

ஓட்டுநர் பக்கத்து மேட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம், மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டர் மிதியைச் சிக்கவைக்கும் அபாயத்துக்காக 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தரையிலுள்ள கொக்கியில் மேட்டை மாட்டுங்கள். பழைய மேட்டின்மேல் புதியதைப் போடாதீர்கள். விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட்டுகள் மழைக்காலத்துக்கு மிக நல்லவை. ஆனால் வாரம் ஒருமுறை தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். மேலே உலர்ந்தும் கீழே ஈரமாகவும் இருக்கலாம்.

கறை தடுக்கும் ஸ்பிரே பற்றிக் கேட்பவர்கள் பலர். இதன் வரலாறு ஒரு தற்செயலில் தொடங்குகிறது. 1953-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஃபுளோரின் சேர்ந்த ஒரு திரவம் ஒருவரது துணிக்காலணியில் சிந்திவிட்டது. எதைக் கொண்டு கழுவியும் அது போகவில்லை. அந்த இடத்தில் அழுக்கும் ஒட்டவில்லை. பாட்சி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற வேதியியலாளர்கள் இருவரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்ததில் ஸ்காட்ச்கார்ட் பிறந்து, 1956-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்தப் போகாத தன்மையே பின்னர் குற்றமாயிற்று. அதன் தயாரிப்போடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.எஸ். என்னும் சேர்மம் மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் சிதையாமல் தங்குவது தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. இன்று ஃபுளோரின் சேராத ஸ்பிரேக்களும் கிடைக்கின்றன. அவை நீரை நன்கு விலக்கும். எண்ணெய்க்கு அவ்வளவாகத் தாங்கா. எந்த ஸ்பிரேயும் கறையைத் தடுத்துவிடாது. ஒற்றி எடுக்கச் சில நிமிட அவகாசம் தரும், அவ்வளவே. சுத்தமான, உலர்ந்த துணியில்தான் அடிக்க வேண்டும். பழைய கறையின்மேல் அடித்தால் அதையும் சேர்த்துக் காப்பாற்றும்.

சிந்தாமலே நனையும் கார்பெட்

முன் இருக்கைப் பயணியின் காலடி ஈரமாக இருந்து, நீர் தெளிவாகவும் வாடையற்றும் இருந்தால், பெரும்பாலும் ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைபட்டிருக்கும். நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலண்ட் கசிகிறது. உடனே பழுது பார்க்க வேண்டும். மழைக்குப் பின் கதவோரம் நனைந்திருந்தால் கதவின் அடித் துளைகளையும், சன்ரூஃப் உள்ள வண்டியானால் அதன் வடிகுழாய்களையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் கார்பெட்டைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. ஓரிரு நாளுக்குள் உலராத கார்பெட்டில் பூஞ்சை தொடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கறையைவிடப் பெரிய தொல்லை.

காப்பீடு எதை ஏற்கும்?

அன்றாடக் கறை, தேய்மானம் என்ற கணக்கில் சேரும்; எந்த வாகனக் காப்பீடும் அதற்குப் பணம் தராது. வெள்ளநீர் புகுந்து கார்பெட் கெட்டால் நிலை வேறு. சொந்த வாகனச் சேதத்துக்கும் பாதுகாப்பு எடுத்திருந்தால் கோரலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கோர முடியாது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களை மாற்றும்போது வழக்கமான பாலிசியில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பை வாங்கியிருந்தால் இதைத் தவிர்க்கலாம். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி படம் எடுத்து, சுத்தம் செய்வதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கடன் நிலுவையில் உள்ள வண்டி முழுச் சேதம் என முடிவானால், இழப்பீடு முதலில் கடன் தந்த வங்கிக்கே செல்லும். நிலுவை போக எஞ்சியதுதான் உங்களுக்கு. அந்த நேரத்தில் தவணையை நிறுத்திவிடாமல் கிளையோடு பேசுங்கள்.

உள்ளே சுத்தம் செய்த ரசீதுகளையும், ஏ.சி. குழாய் அடைப்பு எடுத்த ரசீதையும் சர்வீஸ் கோப்பிலேயே வைத்திருங்கள். வியாபாரி போல்ட்டின் துருவைக் காட்டியபோது அப்படியொரு ரசீது என் கையில் இருந்திருந்தால் பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும்.

அவரிடம் கற்றது வீணாகவில்லை. பிறகு நான் ஒரு பழைய வண்டி பார்க்கப் போனபோது மேட்டைத் தூக்கி, கார்பெட்டின் ஓரத்தை நெம்பி முகர்ந்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு உண்டா என்று பார்த்தேன். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் இருக்கை போல்ட்டுகளிலும் துரு உண்டா என்று தடவினேன். முதல் வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. நறுமணமும் மூக்கைத் துளைத்தது. வாங்கவில்லை. இரண்டாவது வண்டியின் பின்னிருக்கையில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிய மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அடியில் கார்பெட் உலர்ந்திருந்தது, போல்ட்டுகள் பளபளத்தன. என்ன சிந்தியது என்று உரிமையாளரிடம் கேட்டேன். பிரியாணி என்றார். அதைத்தான் வாங்கினேன்.